விதையின் உறக்கமும் உண்பவனின் விழிப்பும்

குற்றமற்ற உணவு எது என்று கேட்டால், பெரும்பாலோர் தயக்கமின்றிச் சுட்டக்கூடியது கோசுமல்லி. பாசிப்பருப்பை ஒரு மணி நேரம் நீரில் ஊறவைத்து வடிக்க வேண்டும். வெள்ளரிக்காய்த் துருவலும் தேங்காய்த் துருவலும் சேர்த்து, பச்சைமிளகாயையும் கொத்துமல்லித் தழையையும் பொடியாக நறுக்கித் தூவி, எலுமிச்சைச் சாறு பிழிந்தால் வேலை முடிந்தது. உப்பை முன்னதாகச் சேர்த்தால் வெள்ளரி நீர் விட்டுவிடும். ஆகவே பரிமாறும் வேளையில்தான் உப்பு. கடுகும் பெருங்காயமும் கறிவேப்பிலையும் தாளிப்பதற்கு மட்டுமே அடுப்பின் உதவி தேவை. அதையும் வேண்டாமென்று விடுவோர் உண்டு. தமிழகத்து வைணவ இல்லங்களில் இது வடைப்பருப்பு. கன்னட நாட்டில் கோசம்பரி. ஸ்ரீராம நவமியன்று பானகத்தோடும் நீர்மோரோடும் இறைவனுக்கு நிவேதனமாகி, வெயிலில் வந்தவர்களுக்கெல்லாம் பிரசாதமாக வழங்கப்படுவதும் இதுவே.

இதில் கொலை இல்லை, இரத்தம் இல்லை. நெருப்பின் வெம்மைகூட இல்லை எனலாம். ஆயினும் சிந்திக்கும் மனத்திற்கு இங்கும் ஒரு வினா எழுகிறது. அதே பயற்றை உடைக்காமல் முழுதாக ஊறவைத்து, ஈரத்துணியில் ஓர் இரவு கட்டி வைத்தால், காலையில் ஒவ்வொரு மணியிலிருந்தும் ஒரு வெண்மையான முளை எட்டிப் பார்க்கிறது. நேற்று வரை கல்லைப் போல் கிடந்தது இன்று வளரத் துடிக்கிறது. உயிர் உள்ளது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அப்படியானால் முளைத்த பயற்றை உண்பவன் ஓர் உயிரை அழிக்கிறானா? எளிய உணவு என்பதாலேயே ஓர் உணவு குற்றமற்றதாகிவிடுமா?

ஓர் ஊர், பல எல்லைகள்

இவ்வினா நூல்களில் மட்டும் வாழ்வதன்று. அன்றாட வாழ்வில் இதற்குப் பல விடைகள் அருகருகே வாழ்வதைக் காண விரும்புவோர் கொச்சியின் மட்டாஞ்சேரிக்குச் செல்லலாம். மிளகும் இஞ்சியும் அரிசியும் பருப்பும் மூட்டை மூட்டையாக வந்திறங்கிய பழைய வணிகத் தலம் அது. போர்ச்சுகீசியர் ஆட்சியின் கொடுமைக்கு அஞ்சிக் கோவாவிலிருந்து வெளியேறிய கௌட சாரஸ்வதர்கள் இங்கே குடியேறி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருமலை தேவஸ்வம் கோயிலில் வேங்கடாசலபதியைப் பிரதிஷ்டை செய்தனர். குஜராத்திலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்த ஜைனர்கள் 1904ஆம் ஆண்டில் தர்மநாதருக்குக் கோயில் எழுப்பினர். 1568ஆம் ஆண்டில் எழுந்த யூதர்களின் பரதேசி ஜெப ஆலயமும் இங்கேதான் உள்ளது. மலையாளிகளோடு தமிழர், கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன் முஸ்லிம்கள் எனப் பலர் சில தெருக்களுக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர்.

கடைத்தெருவில் வாங்கும் பச்சைப் பயறு எல்லோருக்கும் ஒன்றுதான். வீட்டிற்கு வந்தபின் அதன் கதி வேறுபடுகிறது. கொங்கணி இல்லங்களில் முளைகட்டிய பயற்றைத் தேங்காய் சேர்த்துச் சமைப்பது விரும்பிச் செய்யப்படும் உணவு. வெங்காயமும் பூண்டும் விலக்கப்படும் விரத நாளிலும் அதற்கு இடமுண்டு. ஜைன நெறியைக் கண்டிப்பாகப் பின்பற்றுவோரோ முளைவிட்ட பயற்றைத் தொடமாட்டார்கள். கிழங்கைப் போலவே முளையும் ஓர் உடலில் எண்ணற்ற உயிர்கள் குடியிருக்கும் பொருள் என்பது அவர்கள் கொள்கை. யூதர்களின் பஸ்கா நாட்களிலோ நீர்பட்டுப் புளித்த கோதுமை முதலிய தானியங்கள் வீட்டிலேயே இருக்கலாகாது. காரணங்கள் வேறு வேறு. ஆயினும் ஒவ்வொரு சமூகமும் உணவுக்குள் ஓர் எல்லைக்கோட்டை வரைந்து, இதுவரை கொள்ளலாம், இதற்கு மேல் ஆகாது என்று தன்னைத் தானே கட்டுப்படுத்திக் கொண்டுள்ளது.

இவற்றுள் எது சரி என்று தீர்ப்பு வழங்க முற்படுவதற்கு முன், விதை என்பது யாது என்று அறிவது நன்று.

விதைக்குள் உறங்கும் உயிர்

உலர்ந்த பயறு உயிரற்றதன்று, உறங்குவது. அதன் இரு பருப்புகளுக்கு இடையே, ஓர் ஓரத்தில், மிகச் சிறிய கரு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. பருப்புகள் இரண்டும் அதற்காகத் தாய்ச்செடி கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு. நீர் உள்ளே புகுந்ததும் நொதிகள் விழித்தெழுகின்றன. மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்குகிறது. உலர்ந்த பயற்றில் ஏறக்குறைய இல்லாதிருந்த வைட்டமின் சி முளையில் உண்டாகிறது. பின்னர் தோலைக் கிழித்துக்கொண்டு வேர் வெளிவருகிறது. இந்த உறக்கம் எத்தனை நீண்டதாகவும் இருக்கலாம். இஸ்ரேலின் மசாதா கோட்டை இடிபாடுகளில் கிடைத்த, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையுடைய பேரீச்ச விதை ஒன்று, 2005ஆம் ஆண்டில் நடப்பட்டு முளைத்தது.

பாசிப்பருப்பு முளைப்பதில்லை. ஏன்? தோலை நீக்கி இரண்டாக உடைக்கும்போதே கரு பிய்ந்து அழிந்துவிடுகிறது. ஆகவே கோசுமல்லிக்கு ஊறும் பருப்பில் உயிரில்லை என்பது மெய். ஆயின் அந்த உயிர் திருகையிலோ ஆலையிலோ முன்பே போய்விட்டது என்பதும் மெய். முளைத்த பயற்றை வாயிலிட ஒருவன் தயங்குகிறான்; உடைத்த பருப்பை உண்ணத் தயங்குவதில்லை. காரணம், முன்னதில் உயிர் கண்முன் நிற்கிறது. பின்னதில் அதன் முடிவு கண்ணுக்கு அப்பால் நிகழ்ந்துவிட்டது. உள்ளத்தின் உறுத்தல் பெரும்பாலும் கண்ணைப் பின்தொடர்ந்தே செல்கிறது. கண்ணில் படாதது நெஞ்சிலும் படுவதில்லை. இந்தச் சிறிய கிண்ணம் கற்பிக்கும் முதற்பாடம் இதுவே: ஓர் உணவு தூயது என்று தோன்றுவதற்கும் தூயதாக இருப்பதற்கும் இடையே, பார்க்கப்படாத ஒரு வெளி உள்ளது.

சான்றோர் கண்ட விடைகள்

இவ்வெளியைப் பாரத நாட்டுச் சிந்தனை மரபுகள் அறியாமல் இல்லை. தொல்காப்பியம் மரபியலில் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என வகுத்தது. தொடுவுணர்ச்சி ஒன்றே உடைய உயிர்கள் என்று ஜைனமும் தாவரங்களைக் கொண்டது. துன்பத்தை உணரும் ஆற்றல் புலன்கள் பெருகப் பெருக வளர்கிறது. ஆதலால் வாழ்வதற்கு வேறு வழியில்லாத இல்லறத்தான், புலன்கள் மிகக் குறைந்த உயிர்களோடு தன் உணவை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது ஜைனம் காட்டிய வழி.

வடலூர் வள்ளலார் இதே வினாவைத் தாமே எழுப்பித் தாமே விடையிறுத்தார். நெல்லும் மரமும் உயிர்கள் என்றால் அவற்றை உண்பது ஜீவகாருண்யத்திற்கு விரோதமாகாதா என்று, ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் நூலில் ஆராய்கிறார். வித்துக்கள் ஜடம் போன்றவை. காய், கனி, தழை ஆகியவற்றைக் கொள்வது நகத்தையும் மயிரையும் களைவது போல உயிருக்கு வலி தருவதன்று என்பது அவர் கண்ட விடையின் சாரம். விதைக்குள் கரு உறங்குகிறது என்னும் இன்றைய தாவரவியல் அவரது சொல்லோடு முழுதும் இசையாமற் போகலாம். ஆயினும் அவர் வினாவின் மையத்தில் வைத்தது வலியை. நரம்பு மண்டலமும் மூளையும் இல்லாத தாவரம் விலங்கைப் போல் வலியை உணர்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்றே இன்றைய அறிவியலாரில் பெரும்பாலோர் கருதுகின்றனர். அந்த அளவில் வள்ளலாரின் விடை உறுதியாகவே நிற்கிறது.

ஆனால் வள்ளலார் அவ்விடையோடு அமைதி அடைந்துவிடவில்லை என்பதைக் கருத வேண்டும். வாடிய பயிரைக் கண்டும் வாடிய அவர், 1867ஆம் ஆண்டில் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிப் பசித்தவர்க்குச் சோறிட்டார். தாவரத்தை உண்பது தவறன்று என்று நிறுவியதோடு கடமை முடிந்தது என அவர் எண்ணவில்லை. உணவைப் பற்றிய அறம் எதை விலக்குவது என்பதில் தொடங்கி, யாருக்கு அளிப்பது என்பதில் நிறைவுறுகிறது.

மனு ஸ்மிருதியும் வேறொரு கோணத்தில் இதையே காட்டுகிறது. இல்லறத்தானின் வீட்டில் ஐந்து கொலைக்களங்கள் உண்டு என அது கணக்கிட்டது: அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க் குடம். எறும்பும் புழுவும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களும் இவற்றால் நாள்தோறும் மடிகின்றன. வெட்டுக்கத்தி இல்லாத சமையலறையிலும் இவை இருக்கின்றன என்பதே இங்குக் குறிக்கொள்ளத்தக்கது. சமையலை நிறுத்து என்று அந்நூல் கூறவில்லை. கவலற்க, இது பாவமன்று என்று தேற்றவும் இல்லை. பரிகாரமாக ஐந்து வேள்விகளை விதித்தது. ஓதுதல், தேவர்க்கும் முன்னோர்க்கும் ஆற்றுதல் என்பவற்றோடு, பிற உயிர்களுக்கு உணவிடும் பூத யக்ஞமும், மனிதர்க்கு உணவிடும் மனுஷ்ய யக்ஞமும் அவற்றுள் அடங்கும். மட்டாஞ்சேரி ஜைனக் கோயிலில் நாள்தோறும் நண்பகலில் புறாக்களுக்குத் தானியம் இடும் வழக்கம் இவ்வகை உணர்வின் வெளிப்பாடே. உலகிலிருந்து பெற்றதில் ஒரு பங்கை உலகிற்கே திருப்பித் தருகிறது அது.

எல்லாம் ஒன்றா?

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. உண்பதெல்லாம் உயிரைச் சார்ந்ததே என்றால், பயற்றை உண்பதும் ஆட்டை உண்பதும் ஒன்றுதானே என்று சிலர் வாதிடுவர். இது அறத்தைப் பற்றிய வாதம் போல் தோன்றினும், உண்மையில் அறத்திலிருந்து தப்பும் வழி. முழுமையாகத் தவிர்க்க முடியாத தீங்கைக் குறைக்கவும் வேண்டாம் என்று எவரும் நோயைப் பற்றிச் சொல்வதில்லை. பொய்யைப் பற்றிச் சொல்வதில்லை. உணவைப் பற்றி மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

மேலும், கணக்கும் அவ்வாதத்திற்கு எதிராகவே நிற்கிறது. தீவனத் தானியத்தால் வளர்க்கப்படும் விலங்கின் இறைச்சி ஒரு கிலோ உருவாகப் பல கிலோ தானியம் செலவாகிறது. ஆகவே தாவரத்தின் மீதே இரக்கம் கொண்டவனும் தாவர உணவையே தேர்ந்தெடுப்பான். அஞ்சி ஓடி, வலியால் அலறும் உயிரின் துன்பமும் துணியில் முளைக்கும் பயற்றின் முடிவும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கத்தக்கவை அல்ல.

ஆயினும் இந்த உண்மை, தாவர உணவை உண்பவனுக்குத் தரப்பட்ட நற்சான்றிதழ் ஆகிவிடாது. பயறு விளைந்த நிலத்தை உழுதபோது மண்புழுக்கள் மாண்டன. மருந்து தெளித்தபோது பூச்சிகள் மாண்டன. களஞ்சியத்தைக் காக்க எலிகள் கொல்லப்பட்டன. குறைந்த தீங்கு என்பது தீங்கின்மை அன்று. இதை அறிந்தவன் அடக்கம் உடையவனாகிறான். அறியாதவன் தன் இலையைக் கண்டு தானே வியந்து கொள்கிறான்.

மூட்டைக்கு அடியில் இருந்த தோள்

கண்ணில் படாத துன்பம் விதையோடும் பூச்சியோடும் முடிந்துவிடுகிறதா? மட்டாஞ்சேரியின் வரலாறே இல்லை என்று விடை சொல்கிறது.

கொச்சித் துறைமுகத்தில் கப்பல் சரக்கை ஏற்றி இறக்கும் தொழிலாளருக்கு ஒரு காலத்தில் சாப்பா என்னும் முறையில் வேலை வழங்கப்பட்டது. வேலை தேடி நூற்றுக்கணக்கானோர் கூடியிருப்பர். ஆள் எடுப்பவன் உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவான். ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, அடித்துப் பிடித்து, வில்லையைப் பொறுக்கியவனுக்கே அன்று வேலை. அவன் வீட்டில்தான் அன்று அடுப்பு எரியும். கையில் காயத்தோடும் வெறுங்கையோடும் திரும்பியவர்கள் மறுநாளும் வந்து நிற்பார்கள். இந்த இழிவை எதிர்த்துத் தொழிலாளர்கள் போராடினர். 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீசார் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். சாப்பா முறை பின்னர் ஒழிந்தது.

அதே ஊரில், அதே ஆண்டுகளில், முளை விட்ட பயற்றுக்காக இரங்கிய இல்லங்கள் இருந்தன. அன்னத்தை முதலில் இறைவனுக்குப் படைத்த பின்னரே உண்ட இல்லங்கள் இருந்தன. அவர்களுடைய இரக்கமும் பக்தியும் பொய்யல்ல. எனினும் அக்கடைத்தெருவின் வளத்திற்கு அடியில் இருந்த தோள்களை எத்தனை இலைகள் நினைத்தன? இக்கேள்வி ஓர் ஊரையோ ஒரு சமூகத்தையோ குற்றக் கூண்டில் நிறுத்துவதற்காக எழுப்பப்படுவதன்று. எந்த ஊரின் சமையலறைக்கும் இது பொருந்தும். இன்றும் பருப்பு மூட்டையைச் சுமப்பவனின் கூலி, வெயிலில் களையெடுப்பவளின் முதுகுவலி, மிளகாய் நெடியிடையே வேலை செய்பவரின் இருமல் ஆகியவற்றின் விலை உணவின் விலையில் எழுதப்படுவதில்லை.

ஆகார சுத்தி என்பது யாது?

சாந்தோக்ய உபநிஷதம் ஆகாரத்தின் தூய்மையை மனத்தின் தூய்மையோடு இணைத்துப் பேசுகிறது. அதற்கு உரை கண்ட ஆதிசங்கரர், ஆகாரம் என்பதற்குப் புலன்களின் வழியே உள்ளே கொள்ளப்படும் அனுபவம் அனைத்தும் எனப் பொருள் கொண்டார். விருப்பு, வெறுப்பு, மயக்கம் ஆகியவை கலவாமல் உலகைக் காண்பதே அவர் கூறும் தூய்மை. உண்ணும் உணவையே குறித்துப் பேசும் இராமானுஜரின் மரபு, உணவிற்கு மூன்று தோஷங்களை எடுத்துக் காட்டுகிறது. பொருளின் இயல்பால் வருவது ஜாதி தோஷம். தூசு, முடி போன்றவை விழுவதால் வருவது நிமித்த தோஷம். எவரிடமிருந்து உணவு வருகிறதோ அவர் வழியாக வருவது ஆசிரய தோஷம்.

இம்மூன்றில் காலப்போக்கில் மிகவும் திரிந்து போனது ஆசிரய தோஷமே. எவர் தொட்டார், எவர் எட்டி நின்றார் என்று ஆராய்வதாக அது சுருங்கி, மனிதனை மனிதன் விலக்கும் கருவியாயிற்று. சமயம் சமையலறைக்குள்ளும் சட்டிக்குள்ளும் புகுந்துகொண்டது என்று சுவாமி விவேகானந்தர் வேதனையோடு கண்டித்தது இந்நிலையைத்தான். அதன் உட்கருத்தை மீட்டெடுக்க வேண்டுமானால் வினாவைத் திருப்பிக் கேட்க வேண்டும். இந்த உணவை எவர் தொட்டார் என்பதன்று கேள்வி. இதைத் தொட்டவர்கள் எவ்வாறு நடத்தப்பட்டார்கள் என்பதே கேள்வி. உழைத்தவனின் கண்ணீர் படிந்த பருப்பைக் கங்கை நீரில் ஊறவைத்தாலும் அத்தோஷம் நீங்குமா? சங்கரரின் பொருளும் இங்கே வந்து சேர்கிறது. விருப்பு வெறுப்பின்றிக் காண்பது என்றால், காணச் சங்கடமானதையும் கண்ணை மூடிக்கொள்ளாமல் காண்பதே அன்றோ?

கொல்லாமையைப் பாடிய திருவள்ளுவர், கிடைத்த உணவைப் பகிர்வதையும் பல உயிர்களைப் பேணுவதையும் அந்த அதிகாரத்தின் ஒரே குறளில் இணைத்து வைத்தார். பகிர்தலைப் பற்றிய கருத்து ஈகையில் மட்டும் இருந்திருக்கலாம்; கொல்லாமையிலும் இடம் பெற்றது ஏன்? பகிராமல் உண்பதும் ஒருவகைக் கொலையே, கண்ணில் படாத கொலை, என்பதை உணர்த்தத்தான் போலும்.

எல்லைக்கோடு எங்கே?

இனி முதல் வினாவிற்கு விடை கூறலாம். முளைத்த பயற்றை உண்பவன் குற்றவாளியல்லன். உண்ண மறுப்பவன் மூடனும் அல்லன். இருவரும் உயிரை மதிக்கும் ஒரே உணர்வை வெவ்வேறு இடத்தில் கோடாக வரைந்துள்ளனர். கோடு எந்த இடத்தில் உள்ளது என்பதைவிட, கோடு ஒன்று இருக்கிறது என்பதும், அது யாருக்காக வரையப்பட்டது என்பதுமே முக்கியம். தனக்காக வரைந்த கோடு தவமாகிறது. அண்டை வீட்டாரை அளப்பதற்காக வரைந்த கோடு அகந்தையாகிறது. எனவே அது தன் இலைக்குள் போடப்பட வேண்டியது; அடுத்தவர் இலையின் மீது போடப்பட வேண்டியதன்று. மட்டாஞ்சேரியின் குறுகிய தெருக்களில் இத்தனை வகை உணவு நெறிகள் அண்டை அயலாக வாழ முடிகிறதென்றால், கோட்டை அவரவர் இலையோடு நிறுத்திக்கொள்ளும் நாகரிகத்திற்கு அதில் பெரும்பங்கு உண்டு.

அடுத்தவரின் உழைப்பைப் பொறுத்தவரை நிலை வேறு. அங்கே அவரவர் கோடு அவரவர்க்கு என்று ஒதுங்கிவிட இயலாது. பயற்றை உண்பதா விடுவதா என்பது தனிமனிதனின் விரதம். பயற்றைச் சுமந்தவனுக்கு உரிய கூலி சேர்ந்ததா என்பது அனைவருக்கும் பொதுவான கடன். விரதத்தில் விருப்பம் உண்டு. கடனில் விருப்பத்திற்கு இடமில்லை.

இந்தச் சிந்தனையை வாழ்வில் கொள்வதற்குப் பெரிய துறவு ஏதும் வேண்டியதில்லை. தேவையான அளவே ஊறவைப்பது, ஊறியதை வீணாக்காதிருப்பது, பேரம் பேசும்போது அது எவருடைய கூலியைக் குறைக்கும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது, வீட்டில் பணிபுரிபவருக்கு மிஞ்சியதைத் தராமல், வீட்டார் உண்பதையே தருவது, உண்ணுமுன் ஒரு பிடியை வேறோர் உயிருக்கென எடுத்து வைப்பது. இவை சிறு செயல்கள். ஆனால் ஒவ்வொன்றும் கண்ணில் படாத ஒருவரைக் கண்முன் கொண்டுவருகிறது.

விதை உறங்குவது அதன் இயல்பு. தக்க நீர் கிடைத்ததும் அது விழித்துக்கொள்கிறது. மனிதனின் உள்ளத்திலும் கருணை அவ்வாறே உறங்கிக் கிடக்கிறது. தன் பசி தீர்வதற்குள் எத்தனை உயிர்கள் எதை எதை இழந்தன என்னும் நினைவே அதற்கு நீர். அந்த நினைவோடு உண்ணப்படும் ஒரு பிடிப் பருப்பும் வேள்வியாகும்.